எங்கள் வளைவில் நின்றவன்

1

சென்ற வாரம் எங்கள் தபால்பெட்டியில் நகராட்சியின் அறிவிப்பு ஒன்று கிடந்தது. ஜூலையில் சைக்கிள் பந்தயம் மறுபடியும் எங்கள் மலைமேல் ஏறப்போகிறதாம். முதல்நாள் சாயங்காலமே சாலையை மூடிவிடுவார்கள். அதற்குமேல் வண்டியில் போகவேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு வாங்க அடையாள அட்டை, வண்டியின் பதிவுச் சான்று, குடியிருக்கும் வீட்டின் மின்கட்டண ரசீது. இந்த நாட்டில் ஒருவன் இருக்கிறான் என்பதற்கு அவன் முகத்தைவிட மின்கட்டண ரசீதைத்தான் நம்புவார்கள்.

போன வருஷம் இதே அறிவிப்பு வந்தபோது அலுவலகம் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றவன் நான். இந்த வருஷம் அதை மடித்து ரொட்டிக் கூடைக்கு அடியில் வைத்தேன். என் மனைவி வசந்தி பார்த்துவிட்டாள்.

"போவலையா?"

"உன் பையனைக் கேளு" என்றேன்.

அவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போனான்.

ஒரு சைக்கிள் பந்தயத்துக்காக ஒரு வீட்டில் இத்தனை மௌனமா என்று ஊரிலிருக்கும் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

2

நான் கொல்லிமலைக்காரன். குண்டனி நாட்டில் பிறந்தவன்; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. சேந்தமங்கலத்தில் விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்து, சமையல் படித்து, புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் வசந்தியைப் பார்த்தேன். அவள் குடும்பத்துக்கு அந்தக் காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. கல்யாணம் முடிந்ததும் அவளுடைய பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நானும் இங்கே வந்து சேர்ந்தேன். பிரான்சின் தெற்கு ஓரம், பிரனீஸ் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரன்.

எனக்குக் குடியுரிமை கிடைத்தபோது பிறந்த இடத்தை எழுதிக்கொண்ட அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "எத்தனை மீட்டர் உயரம்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிரெஞ்சில் 'கொல்' என்றால் கணவாய். மலைகளுக்கு நடுவே சாலை ஏறி இறங்கும் இடம். நான் 'கொல்லி' என்றதை அவர் 'லி' என்ற பெயருள்ள கணவாய் என்று எடுத்துக்கொண்டார். இன்றுவரை என் காகிதங்களில் என் ஊர் இரண்டு சொல்லாகப் பிரிந்துதான் இருக்கிறது. திருத்தப் போனால் அதற்கு ஆறு காகிதம் கேட்கிறார்கள். விட்டுவிட்டேன்.

மகனுக்கு அந்தக் காலத்தில் எங்கள் மலையை ஆண்ட அரசன் பெயரையே வைத்தேன், ஓரி என்று. பள்ளிக்கூடத்தில் அது ஆன்ரி என்ற பிரெஞ்சுப் பெயராகிவிட்டது. முதலில் ஆசிரியர்கள்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்த நண்பனிடம் அவனே கையை நீட்டி, "ஆன்ரி" என்று சொல்லிக்கொண்டதை அடுப்படியில் இருந்து கேட்டேன்.

அவனும் நானும் சேர்ந்து நின்ற இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த மலைச்சாலைதான். அவனுக்கு நான்கு வயதாகும்போது முதல்முதலாக அவனைத் தோளில் உட்காரவைத்துப் பந்தயம் பார்க்கப் போனேன். சுற்றிலும் எல்லோரும் "லாஷ் பா! லாஷ் பா!" என்று கத்தினார்கள். விட்டுவிடாதே என்று அர்த்தம். எனக்கு 'பா' என்பது நம்மூர் 'அப்பா' மாதிரி ஏதோ ஒட்டுச்சொல் என்று நினைப்பு. அதை விட்டுவிட்டு, மூச்சுத் திணறி ஏறிவந்த ஒருவனைப் பார்த்து "லாஷ்! லாஷ்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். 'பா' இல்லாமல் சொன்னால் கோழை என்று அர்த்தமாம். பல வருஷம் ஓரி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அப்போதெல்லாம் தமிழில்தான் சிரிப்பான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

3

எங்கள் எதிர்வீடு ரொட்டிக் கடை. அந்த வீட்டுப் பையன் மத்தியூ. பெரிய அணி ஒன்றில் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டுகிறவன். நட்சத்திரம் இல்லை. அணித் தலைவருக்குத் தண்ணீர்ப் புட்டி கொண்டுவந்து கொடுப்பது, அவர்மேல் எதிர்காற்று படாமல் முன்னால் ஓட்டிக்கொண்டு போவது, இதெல்லாம்தான் அவன் வேலை. விடுமுறையில் ஊருக்கு வந்தால் இங்குள்ள சைக்கிள் சங்கத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பான். ஓரிக்கு அவன்தான் எல்லாம். அவன் நடப்பது போலவே நடப்பான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷக் குளிர்காலத்தில் மத்தியூ வெயில் உள்ள மலை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். ஓரிதான் கொல்லிமலைச் சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். கைபேசியில் வரைபடத்தைப் பார்த்த மத்தியூ, "இப்படி ஒரு சாலை வைத்துக்கொண்டா இவ்வளவு நாள் சும்மா இருந்தீர்கள்?" என்று என்னைக் கேட்டான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூன்று பேரும் கிளம்பினோம்.

எடப்புளி நாட்டில் என் அக்கா வீட்டில் தங்கினோம். அக்காவின் கணவர் பெரியசாமி மச்சானுக்கு மிளகும் குச்சிக்கிழங்கும்தான் வெள்ளாமை. மத்தியூ விடிந்ததும் அடிவாரத்துக்கு இறங்குவான், ஏறுவான், மறுபடி இறங்குவான். மூன்று நாள் பொறுத்துப் பார்த்த மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மாப்ள, அந்தத் தம்பிகிட்ட பஸ் இருக்குதுன்னு சொல்லுங்க. காசு இல்லைன்னா நான் தாரேன்."

இது வேலை, இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சொன்னேன். மச்சான் நம்பவில்லை. ஆனால் மறுநாள் ஒரு வளைவில் போய் நின்றார். அதற்கு மறுநாள் நாலு பேரோடு நின்றார். பத்து நாளில் மலையே நின்றது. மிளகு காயப்போடும் பெண்கள் எழுந்து நின்றார்கள். கிழங்கு ஏற்றிவந்த லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கைதட்டினார். மத்தியூ என்ற பெயர் வாயில் நுழையாமல் மாதேசு ஆக்கிவிட்டார்கள். "ஏறு மாதேசு! ஏறு சாமி, ஏறு!" என்று ஒவ்வொரு வளைவிலும் கத்தல்.

ஒருநாள் சாப்பிடும்போது மத்தியூ வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டான்: "இவர்கள் ஏன் என்னை எரோ, எரோ என்கிறார்கள்? நான் இன்னும் ஒன்றுமே ஜெயிக்கவில்லையே!" எரோ என்றால் பிரெஞ்சில் நாயகன். ஓரிக்குப் புரையேறிவிட்டது. நான் அர்த்தத்தைச் சொல்லவில்லை. அவன் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது.

கிளம்பும் நாளில் வாசலில் கூட்டம். மத்தியூ என்னை மொழிபெயர்க்கச் சொன்னான். அடுத்த ஜூலையில் பந்தயம் எங்கள் ஊர் மலைமேல் வருகிறது, அன்றைக்கு உங்களுக்காக ஏறுவேன், எல்லோரும் பாருங்கள் என்றான். சொல்லிவிட்டு மச்சானிடம் கையை நீட்டினான். இங்கே விடைபெறும்போது எல்லோரும் செய்வதுதான். மச்சான் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி கையடிச்சுக் குடுத்துருச்சு" என்றார்.

4

போன ஜூலை. பந்தயத்துக்கு முதல்நாளே வசந்தி, ஓரி, நான் மூவரும் மலைமேல் கூடாரம் போட்டுவிட்டோம். எங்கள் ஊரே அங்கேதான் இருந்தது. பந்தயம் முடியும் உச்சிக்குச் சற்றுக் கீழே இடதுபக்கம் திரும்பும் ஒரு வளைவு. வருஷா வருஷம் எங்கள் ஊர்க்காரர்கள் நிற்கும் இடம். சாலை முழுக்க மத்தியூவின் பெயரை வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். ஓரியும் நானும் மண்டிபோட்டு, அந்தப் பெயர்களுக்கு நடுவில் தமிழில் 'ஏறு' என்று எழுதினோம். 'று'வின் சுழியை ஓரி தப்பாக எழுதினான். திருத்திக் கொடுத்தேன். "யாருக்குப்பா தெரியப்போவுது" என்றான். "மலையில பாப்பாங்கடா, டிவில காட்டுனா தெரியும்" என்றேன்.

அன்று இரவு ஓரி அவ்வளவாகப் பேசவில்லை. பதட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் மச்சான் கூப்பிட்டார். மத்தியூ அவர் கைபேசிக்குக் குரல்செய்தி அனுப்பியிருக்கிறானாம். முந்தின நாள் அனுப்பியது. ஓரி சொல்லிக்கொடுத்த தமிழில், "மாமா, நாளைக்கி பாருங்க, ஏறு, ஏறு" என்று. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் டீக்கடையில் டிவியை வெளியே எடுத்துவைக்கப் போகிறார்களாம். எடப்புளி நாட்டிலிருந்து மட்டுமல்ல, என் பிறந்த ஊரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம்.

"மழை வந்தா?" என்றேன்.

"கூரைக்குள்ள நவுத்திக்கலாமுங்க. நீங்க போனை மட்டும் எடுங்க மாப்ள, இங்க இவனுக ஒண்ணொண்ணும் கேப்பானுக."

மத்தியூ காலையிலேயே சிலரோடு கூட்டத்தைவிட்டு முன்னால் போய்விட்டான். எங்கள் மலையின் அடிவாரத்துக்கு வரும்போது அவர்களில் பாதிப்பேர் கழன்றுவிட்டார்கள். ஏற ஏற ஒவ்வொருவராகப் பின்தங்க, கடைசியில் அவன் தனியாக இருந்தான். எங்கள் வளைவில் இருந்த வானொலியில் அறிவிப்பாளர் அவன் பெயரையும் எங்கள் ஊரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கத்தினார். ரொட்டிக் கடை அம்மாள், அவன் தாய், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். என் காதில் கைபேசி. அந்தப் பக்கம் கொல்லிமலை இரைந்தது. என் அக்காவின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது: "ஏறு சாமி! உட்டுராத சாமி!"

பிறகு அவனே வந்தான். முதலில் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள், பின்னால் அவன். சட்டை திறந்து கிடந்தது. வாயோரம் நுரை. எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. நான் தமிழில் கத்தினேன், "ஏறு!" என்று.

அவன் காதில் கையை வைத்தான். அணியின் காரிலிருந்து பேசுவது காதில் மாட்டியிருக்கும் சின்னக் கருவியில் கேட்கும். மிதிப்பதை நிறுத்தினான். சைக்கிள் இரண்டு முழம் உருண்டது. இடதுகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, நாங்கள் எழுதிய எழுத்தின்மேல் நின்றான்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பஞ்சர் என்று யாரோ கத்தினார்கள். ஒருவர் தள்ளிவிட ஓடினார். மத்தியூ வேண்டாமென்று தலையசைத்தான். எங்களைப் பார்க்கவில்லை. கீழே, தான் ஏறிவந்த சாலையையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பின்னால் வந்த இருவர் எங்கள் கண்ணெதிரே அவனைக் கடந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் அவனுடைய தலைவர் வந்தார். வேறு நாட்டுக்காரர். மத்தியூ சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, அவருக்கு முன்னால் காற்றைத் தாங்கிக்கொண்டு மேலே ஏறினான். உச்சிக்கு முன்னால் ஓரமாக ஒதுங்கிவிட்டான். தலைவர் இரண்டாவதாக வந்தார். மத்தியூ எத்தனையாவது என்று வானொலி சொல்லவில்லை.

"லாஷ்!" என்று எங்கள் பின்னால் ஒரு குரல் வந்தது. பிறகு பல குரல்கள். இந்த முறை யாரும் தப்பாகச் சொல்லவில்லை. மத்தியூவுக்கு முதல் சைக்கிளை விற்ற கிழவர் மிச்சமிருந்த பெயிண்டை எடுத்து, சாலையில் இருந்த அவன் பெயரின்மேல் சாய்த்துக் காலால் தேய்த்தார். அவன் தாய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவன் கைதட்டிக்கொண்டிருந்தான். ஓரி.

5

கைபேசியில் மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மாப்ள, டயருங்களா? கால ஊனிட்டு நிக்கறாருங்களே, சுளுக்குங்களா?"

பின்னால் யாரோ, "உங்க மாப்ளையப் பாத்துட்டுத்தான் நின்னாரு, ஒரு வார்த்தை பேசிட்டுப் போலாம்னு!" என்றார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

"அவங்க அணித் தலைவருக்காக நிக்கச் சொல்லிட்டாங்க மச்சான். அவரு பின்னால வந்தாரு. அவரை இழுத்துட்டுப் போகணுமாம்."

"ஜெயிக்கறவனையா நிக்கச் சொன்னாங்க?"

"ஆமாங்க."

"அவரு நின்னுட்டாருங்களா?"

"நின்னுட்டாரு."

டீக்கடையில் சத்தம் அடங்கியது தெரிந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. மச்சான் கேட்டார்.

"வேணும்னே நிக்கறதுக்கா மாப்ள, எங்க மலையில வந்து அத்தனை மூச்சு வாங்குனாரு?"

டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது. இணைப்பும் போயிற்று.

நான் ஓரியைப் பார்த்தேன். அவன் கைதட்டுவதை நிறுத்திவிட்டிருந்தான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் அங்கிருந்த எல்லோர் முகத்திலும் இருந்த திகைப்பு அதில் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

பதில் பிரெஞ்சில் வந்தது. முந்தாநாளே மத்தியூ சொல்லிவிட்டானாம். முதலிலேயே அதுதான் திட்டம். தலைவருக்கு மலைமேல் துணை வேண்டும். அதற்காக ஒருவனை முன்கூட்டியே மேலே அனுப்பிவைப்பது. முன்னால் போவது ஜெயிப்பதற்கு இல்லை, காத்திருப்பதற்கு. மத்தியூவின் ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிகிறது. முடியாது என்று அவன் எப்படிச் சொல்வான்?

"தமிழ்ல சொல்லு" என்றேன்.

"அதுதாம்பா அவன் தொழில்" என்றான்.

"முந்தாநாள் தெரிஞ்சவன் நேத்து எதுக்குடா உன் மாமாவைப் பாக்கச் சொல்லி அனுப்புனான்? நீதானே சொல்லிக்கொடுத்தே?"

அவன் தரையில் நாங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தான்.

"இங்க மண்டி போட்டு என்கூட எழுதுனியே, அப்பவும் தெரியும்."

"சொன்னா நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிருவீங்க. வந்திருக்கவும் மாட்டீங்க." பிறகு மெதுவாக, "உங்களுக்குப் புரியாதுன்னு நெனைச்சேன்" என்றான்.

ஒரு விதத்தில் அவன் சொன்னது சரி. எனக்குப் புரியவில்லை. என்னை ஏமாற்றியிருந்தால்கூட அப்பனும் பிள்ளையும் என்று விட்டிருப்பேன். மழை வந்தால் டிவியைக் கூரைக்குள் நகர்த்திக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்த அவ்வளவு பேரையும் நினைத்தேன். அவனுக்கு அவர்கள் விடுமுறையில் பார்த்த மனிதர்கள். எனக்கு அப்படி இல்லை என்பது அவனுக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

மலையிறங்கும்போது வண்டியில் வசந்தி ஒருமுறை வானொலியைத் திருப்பினாள். நான் அணைத்தேன்.

6

இலையுதிர்காலத்தில் மத்தியூ எங்கள் வீட்டுக்கு வந்தான். அவன் தாய் செய்த ஆப்பிள் கேக்கைக் கையில் வைத்திருந்தான். இரண்டு வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ஊரில் பாதிப்பேர் அவனோடு பேசுவதில்லை. ரொட்டிக் கடையில்கூடச் சிலர் காசை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் போகிறார்கள் என்றான்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "நிற்கப்போவது தெரிந்தும் அந்தச் செய்தியை ஏன் அனுப்பினாய்?"

கேக்கை மேசைமேல் வைத்தான். "அதுவும் உண்மைதான்" என்றான். "காரிலிருந்து கூப்பிடும்வரை ஏறியது அவர்களுக்காகத்தான். கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள் என்று ஒரு ஆசை இருந்தது."

அவன் பொய் சொல்கிறான் என்று தோன்றவில்லை. அதனால் கோபம் குறையவும் இல்லை. அந்த ஆசைக்கு அவன் ஒரு மலையையே பந்தயத்தில் வைத்திருந்தான். அதை அந்த மலைக்குச் சொல்லவில்லை.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னான். கிறிஸ்துமஸுக்கு மறுபடி கொல்லிமலைக்குப் போகவேண்டும். ஓரியும் கூட வருவான். மச்சான் வீட்டில் தங்கலாமா?

"என்னைக் கேட்காதே" என்று சொல்லி, மச்சானைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி கைபேசியை மேசைமேல் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். மச்சான் உடனே பதில் சொன்னார். இந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தது போல.

"வரச்சொல்லுங்க மாப்ள. நம்ம ஊடுதானுங்க. சோறு போடறோம், சுடுதண்ணி வெச்சுத் தாரோம், ஒண்ணும் குறைச்சல் வராது." பிறகு சொன்னார்: "ஆனா ரோட்டுல நின்னு கத்தமாட்டோம். அதை மட்டும் தம்பிகிட்டச் சொல்லிருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த ஓரி மொழிபெயர்த்தான். ஒரு சொல் விடாமல், கூட்டாமல் குறைக்காமல். அவன் தமிழ் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மத்தியூ தலையை ஆட்டி, நன்றி சொல்லச் சொன்னான். சோறு என்பது அவனுக்கு எட்டியது. மற்றது எட்டியதா என்று எனக்குத் தெரியவில்லை.

7

நான் இந்த முறை போகவில்லை. பள்ளிக்கூட அடுப்படியைக் கழுவிச் சுத்தம் செய்யும் வேலை இருக்கிறது என்றேன். வசந்தி ஓரியின் பெட்டியில் அக்காவுக்கு ஒரு கம்பளிச் சட்டையை வைத்தாள்.

அவர்கள் போன நாலாம் நாள் அக்கா மகள் ஒரு காணொளி அனுப்பினாள். மலைச்சாலையின் மேல்பாதியில் ஏதோ ஒரு வளைவு. சாலையோரம் தார்ப்பாயில் மிளகு. பெண்கள் உட்கார்ந்து குப்பை பொறுக்குகிறார்கள். மச்சான் கைகட்டி நிற்கிறார். மத்தியூ ஏறிவருகிறான். டயர் சாலையில் உரசும் சத்தமும் அவன் மூச்சும் மட்டும் கேட்கின்றன. ஒரு பெண் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மிளகைப் பார்க்கிறாள். இறங்கிவந்த பஸ், எல்லா வண்டிக்கும் நிற்பது போல நின்று வழிவிடுகிறது. மச்சான் மரியாதையாகத் தலையசைக்கிறார். மத்தியூ புன்னகைக்கிறான். வளைவில் திரும்பும்போது ஒருமுறை பின்னால் பார்க்கிறான். அப்போதுதான் அவனுக்கு எட்டியது என்று நினைக்கிறேன்.

கைபேசியை அணைக்காமல் அக்கா மகள் அதைக் கீழ்ப்பக்கம் திருப்புகிறாள். அங்கே ஓரி. சாலையின் இரண்டு ஓரத்துக்கும் வளைந்து வளைந்து, விழுந்துவிடுவது போல வருகிறான். அவனைக் கண்டதும் தார்ப்பாயிலிருந்த பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"ஏறு சாமி! ஏறு கண்ணு! உட்டுராத!"

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஓடுகிறார். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடி, பாதியைச் சாலையில் கொட்டுகிறாள். பஸ்சுக்குள்ளிருந்து கைகள் வெளியே நீண்டு ஆடுகின்றன. ஓரி யாரையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கிறான். அந்தக் குனிவு எதற்கென்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் கூப்பிட்டான். தமிழில் பேசினான்.

"அப்பா, மாமாகிட்ட நீங்க சொல்லலையா?"

"எதை?"

"எனக்கு முன்னாடியே தெரியும்னு."

"இல்லை."

"நான் சொல்லிடட்டுமா?"

"அது உன் பாடு" என்றேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அவன் வைத்துவிட்டான்.

திரும்பி வந்து ஐந்து மாதமாகிறது. சொல்லியிருக்கமாட்டான். சொல்லியிருந்தால் மச்சான் என்னிடம் இப்படிப் பேசிக்கொண்டிருக்கமாட்டார். அவர் அந்தக் காணொளியை அவருடைய சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கிறார். எனக்கே நாலைந்து முறை வந்துவிட்டது. நேற்றும் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா மாப்ள? அந்தத் தம்பி மாதிரியா? நம்ம பையன் ஒரு வளைவுலகூட நிக்கலை."

"ஆமாங்க மச்சான்" என்றேன்.